கோடா, புள்ளியா? விலங்குத் தோலை உடுத்துவது பற்றி ஓர் எளிய விளக்கம்

அக்கா மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. சிவன் வேஷம் என்று முடிவாகிவிட்டது. ஜடைக்குக் கறுப்பு உல்லன் நூல், கழுத்துக்கு ரப்பர் பாம்பு எல்லாம் சேர்ந்துவிட்டது. இடுப்புக்குப் புலித்தோல்தான் பாக்கி. மதுரையில் இதற்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்குக் கருப்பசாமி உடை தைக்கிறவர்கள் பல காலமாகப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்தைச் சீரமைப்பதற்காக அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். தையல்காரர் மிஷினை நிறுத்தாமலேயே கேட்டார்: "கோடு போட்டதாண்ணே, புள்ளி போட்டதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. புலி என்றால் கோடுதானே? அவர் தலையை மட்டும் அசைத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். கண்மூடி உட்கார்ந்திருந்த சிவனின் இடுப்பில் அப்பட்டமாகப் புள்ளி. "ரெண்டும் போகும்ணே. போன வருசம் புள்ளிதான் நெறையப் போச்சு."

யோசித்துப் பார்த்தால் காலண்டர் வரைந்தவர் மேல் தப்பில்லை. கோடு போட்டது வேங்கை, புள்ளி போட்டது சிறுத்தை என்று ஏட்டில் பிரித்தாலும், பேச்சில் இரண்டையும் புலி என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி வேறொன்றைக் கிளறிவிட்டது. துணி நெய்யத் தெரிந்த மனிதன் ஏன் இன்னொரு உயிரின் தோலை, அதுவும் முடியோடு, உடம்பில் போட்டுக்கொண்டான்? அதைத் தலையில் வேறு ஏன் வைத்துக்கொண்டான்?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் போடும் செருப்பும் பெல்ட்டும்கூட விலங்குத் தோல்தான். ஆனால் செருப்பைப் பார்த்து யாரும் "எருமை" என்று சொல்வதில்லை. முடி போனதும் விலங்கின் முகவரியும் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் சரக்கு. முடியோடு இருக்கும் தோல் அப்படியில்லை. பார்த்த மாத்திரத்தில் இது புலி, இது கரடி, இது மான் என்று சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

இந்த வேறுபாடு பதனிடும் இடத்தில்தான் தொடங்குகிறது. உரித்த தோலை அப்படியே விட்டால் நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் நாற ஆரம்பித்துவிடும். அதனால் உடனே உப்பைத் தேய்த்துவிடுவார்கள். பக்ரீத் முடிந்த மறுநாள் தோல் மண்டிப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். அப்புறம் செருப்புக்கும் பைக்கும் போகிற தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடியைக் கழற்றிச் சீவி எடுப்பார்கள். திண்டுக்கல் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் மருந்து. அவற்றில் இருக்கும் துவர்ப்புச் சத்து தோலின் நாரோடு பிணைந்துகொள்ளும். பிணைந்த பிறகு கிருமிகளால் அதைத் தின்ன முடியாது. ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் செடியாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். முடி வேண்டும் என்றால் சுண்ணாம்புக் கட்டத்தையே தாண்டிவிட வேண்டும். உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் மட்டும் வழித்து, உப்பும் படிகாரமும் கொடுத்து, எண்ணெய் தடவி, இழுத்து இழுத்து மெதுவாக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் மயிர்க்கால் அழுகி, கை வைத்த இடமெல்லாம் முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும்.

சீவிய தோல், சீவாத தோல் என்ற இந்தப் பிரிவு பழந்தமிழில் அழகாகப் பதிவாகியிருக்கிறது. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியில் ஒரு முரசு வருகிறது: "கொல்ஏற்றுப் பைந்தோல் சீவாது போர்த்த மாக்கண் முரசம்." கொல்லும் காளையின் பச்சைத் தோலை, முடியைச் சீவாமல் அப்படியே போர்த்திய முரசு. புறநானூற்றிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. இரண்டு ஏறுகளை மோதவிட்டு, வென்ற ஏற்றின் தோலை எடுத்துச் சீவாமல் முரசுக்குப் போர்த்துகிறார்கள். சத்தம்தான் குறி என்றால் முடியைச் சீவியிருப்பார்கள். முடி வேண்டும் என்று விட்டது, அது எந்தக் காளை என்று தெரிய வேண்டும், அதன் வெற்றி முரசிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று அலங்காநல்லூர்ப் பக்கம் போய், செத்துப்போன வாடிவாசல் காளையின் தோலைக் கேட்டால் அடிதான் விழும். மாலை போட்டு, மேளம் வைத்து, மனிதனைப் போலவே அடக்கம் செய்கிறார்கள். மரியாதை அதேதான், செய்யும் விதம் தலைகீழாகிவிட்டது.

தோலுக்கு அன்று எத்தனை சொற்கள் இருந்தன! உரித்து எடுத்ததால் உரி, உரிவை. அதள் என்றாலும் தோல்தான். புலியதள் என்று சொல்லிப் பார்த்தால் வாய்க்கே ஒரு கனம் வருகிறது. பச்சை என்ற சொல்லுக்கும் தோல் என்று ஒரு பொருள் உண்டு.

சரி, சீவாத தோலை உடுத்தியவன் என்ன சொல்ல வருகிறான்? உலகம் முழுக்கத் தேடினால் எத்தனையோ கிடைக்கும். ஆனால் அடியில் இருப்பவை ஏறக்குறைய மூன்றுதான். "இதை நான் வென்றேன்." "எனக்கு எதுவும் வேண்டாம்." "எனக்குக் குளிர்கிறது." மூன்றாவதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாலாவதாக ஒன்று வரும்: "நான் பணக்காரன்."

வென்றதன் தோலுக்கு நம் பக்கத்து உதாரணம் சிவனேதான். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வி செய்து ஏவிய புலியைக் கொன்று அதன் தோலை இடுப்பில் கட்டிக்கொண்டார் என்பது கதை. யானையையும் ஏவினார்கள். அதை உரித்துப் போர்த்திக்கொண்டார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கும் வழுவூரில் அந்தக் கோலத்தில்தான் இருக்கிறார். கிரேக்கக் கதையில் ஹெர்க்குலிஸ் சிங்கத்தைக் கொன்று, அதன் தலையைத் தன் தலைக்கவசமாக வைத்துக்கொள்கிறான். அவன் முகம் சிங்கத்தின் வாய்க்குள் இருந்து எட்டிப் பார்க்கும். அலெக்சாண்டர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் இந்தச் சிங்கத்தோல் தலையைப் பார்க்கலாம். ரோமப் படையில் கொடி தூக்குகிறவர்கள் தலைக்கவசத்துக்கு மேல் கரடி அல்லது ஓநாய்த் தோலைப் போர்த்தியிருப்பார்கள்.

இன்றும் மிச்சம் இருப்பது லண்டன் அரண்மனை வாசலில். சிவப்புக் கோட்டும் உயரமான கறுப்புத் தொப்பியுமாக அசையாமல் நிற்பார்களே, அந்தத் தொப்பி கரடித்தோல். கனடாவின் கறுப்புக் கரடியின் தோல்தான் மரபாகப் பயன்பட்டு வருகிறது. சுமார் 18 அங்குல உயரம். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனின் காவற்படையைத் தோற்கடித்த பெருமைக்காக ஒரு பிரிட்டிஷ் படைப்பிரிவுக்கு இது கொடுக்கப்பட்டது. பிரெஞ்சுக் காவற்படை வைத்திருந்ததும் கரடித்தோல் தொப்பிதான். அதாவது கரடி இங்கே வெறும் சாட்சி. வெல்லப்பட்டது கரடியல்ல, கரடித்தோல் அணிந்த எதிரி. அதோடு, ஆறடி ஆள் தலையில் ஒன்றரை அடி முடியை வைத்தால் தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு ராட்சதன் வருவது போல இருக்கும். சேவல் சண்டையில் கழுத்து முடி சிலிர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டாவது சேதி இதற்கு நேர் எதிர். நெய்த துணி ஊருக்குள் இருப்பவனுடையது. அதற்குத் தறி வேண்டும், காசு வேண்டும். அதை வேண்டாம் என்றவன் மரவுரியையும் மான்தோலையும் எடுத்துக்கொண்டான். திருமுருகாற்றுப்படையில் ஆவினன்குடிக்கு, அதாவது நம் பழனிக்கு, வரும் முனிவர்களை நக்கீரர் அப்படித்தான் காட்டுகிறார்: "மானின் உரிவை தைஇய ஊன்கெடு மார்பின்." மான்தோல் போர்த்திய, சதை வற்றிய, எலும்பு தெரியும் மார்பு. கீதையிலும் தியானத்துக்கான இருக்கைக்குத் தர்ப்பை, மான்தோல், துணி என்று ஒன்றின் மேல் ஒன்றாக விரிக்கச் சொல்கிறது. பூணூல் கல்யாணத்தில் பையனின் பூணூலில் ஒரு சின்ன மான்தோல் துண்டைக் கோத்துப் போடும் வழக்கமும் இதன் மிச்சம்தான். குருகுலத்துக்குப் போகிற பிள்ளை மான்தோலைப் போர்த்திக்கொண்டு போன காலத்தின் அடையாளம் அது. அங்கும் மனு நூல் சும்மா விடவில்லை. இந்த வருணத்துக்குக் கலைமான், அந்த வருணத்துக்குப் புள்ளிமான், இன்னொன்றுக்கு ஆடு என்று தோலிலும் வரிசை வைத்துவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவனுக்கும் அந்த வரிசை மட்டும் விடவில்லை!

இப்போது மறுபடியும் சிவனைப் பாருங்கள். அவர் இடுப்பில் இருக்கும் ஒரே தோல் இரண்டு சேதிகளையும் சொல்கிறது. கொன்றவரும் அவர்தான், துறந்தவரும் அவர்தான். பட்டுக்கு வழியிருந்தும் புலித்தோலோடு சுடுகாட்டில் ஆடுகிறவர்.

தோல் இப்படிப் பேசும் என்றால் அது பொய்யும் பேசும் இல்லையா? வள்ளுவர் அதைப் பிடித்துவிட்டார். "வலியில் நிலைமையான் வல்லுருவம் பெற்றம் புலியின்தோல் போர்த்துமேய்ந் தற்று." மனதை அடக்கும் வலிமை இல்லாதவன் துறவி வேடம் போடுவது, பசு புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேய்ந்தது போல. 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். குறளில் இருப்பது அதற்கு நேர்மாறானது. வள்ளுவரின் பசு யாரையும் கடிக்கப் போவதில்லை. புலி பயிரைத் தின்னாது, கிட்டே போனால் ஆபத்து என்று காவல்காரன் ஒதுங்கிவிடுவான். அந்தத் தைரியத்தில் பசு நிம்மதியாக மேயும். இது கூடாவொழுக்கம் அதிகாரத்தில் வருகிறது. எப்போது படித்தாலும் சில ஆசிரமப் படங்கள் ஞாபகத்துக்கு வரும், பெயர் வேண்டாம்.

குளிர் விஷயத்தை மதுரைக்காரனுக்கு விளக்குவதுதான் கஷ்டம். நம் கரிசல் ஆடுகளைத் தொட்டுப் பார்த்தால் நீளமில்லாத, மொரமொர முடி ஒரே அடுக்காக இருக்கும். கம்பளி கிடையாது, தேவையும் இல்லை. குளிர்நாட்டு விலங்குக்கு இரண்டு அடுக்கு. மேலே மழையையும் பனியையும் தடுக்கும் நீளமான விறைத்த முடி. அடியில் பஞ்சு போன்ற நெருக்கமான உள்முடி. இந்த உள்முடிக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கடல் நீர்நாய்க்கு ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் வரை முடி இருக்கும். நம் தலை முழுவதையும் எண்ணினாலே சுமார் 1 லட்சம்தான். வட துருவத்து இனுயிட் மக்கள் கரிபூ என்ற பனிப்பிரதேச மானின் தோலில் இரண்டு சட்டை தைத்து, உள்ளே போடுவதை முடி உடம்பைத் தொடுமாறும், வெளியே போடுவதை முடி வெளியே இருக்குமாறும் அணிவார்கள். அந்த மானின் முடி உள்ளே வெற்றாகக் காற்று நிரம்பியது. அங்கே இது ஆடம்பரம் இல்லை, இது இல்லாவிட்டால் உயிர் இல்லை.

கம்பளியையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கம்பளி, உயிரோடு இருக்கும் ஆட்டின் முடியைக் கத்தரித்து நூற்பது. அடுத்த வருடம் மறுபடி வளரும். தோலுக்கு அந்த வசதி இல்லை.

ஐரோப்பாவில் குளிருக்காக ஆரம்பித்தது சீக்கிரமே அந்தஸ்தாகிவிட்டது. கீரி மாதிரி நீள உடம்புள்ள ஒரு சின்ன விலங்கு அங்கே உண்டு. குளிர்காலத்தில் உடம்பு முழுக்க வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் கறுப்பு. வெள்ளைத் தோல்களைச் சேர்த்துத் தைத்து, இடையிடையே வால் நுனிகளைப் பொருத்தினால் வெள்ளையில் கறுப்புப் புள்ளி. இதுதான் எர்மின். பிரிட்டிஷ் முடிசூட்டு விழாவில் பிரபுக்கள் அணியும் தோள் அங்கியில் அந்தப் புள்ளி வரிசைகளை எண்ணியே ஆளின் தகுதியைச் சொல்லிவிடலாம். கீழ்ப்படிப் பிரபுவான பாரன் (Baron) என்றால் 2 வரிசை, அதற்கு மேலே ஏர்ல் 3, உச்சியில் டியூக் 4. நம் தையல்காரர் கேட்ட கேள்வியை அங்கே கேட்டிருந்தால் "எத்தனை புள்ளி?" என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

தொப்பிகளில் கராகுல் தனி ரகம். மத்திய ஆசியாவின் கராகுல் ஆட்டுக்குட்டி பிறக்கும்போது முடி இறுக்கமாகச் சுருண்டு பளபளக்கும். சில நாளில் சுருள் அவிழ்ந்துவிடும். அதனால் பிறந்த உடனேயே, சமயத்தில் பிறக்கும் முன்னேயே, தோலை எடுத்துவிடுகிறார்கள். ஜின்னா 1937 லக்னோ மாநாட்டுக்கு இந்தத் தொப்பியோடு வந்தார். அதிலிருந்து அது 'ஜின்னா தொப்பி' ஆகிவிட்டது. பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபராக இருந்த ஹமீத் கர்சாயைத் தொப்பி இல்லாமல் படம் பார்ப்பதே அபூர்வம். குளிர்ப்பிரதேசத்துத் தொப்பி அரசியல் கொடியாக மாறிய கதை.

அந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. மதுரை வெயிலில் மென்மயிர்த் தொப்பி வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஓட்டுக் கேட்டார், ஜெயிக்கவும் செய்தார். 1980-இல் மதுரை மேற்குத் தொகுதி, எம்.ஜி.ஆர். அடுத்த ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இங்கே நடந்தபோதும் அதே வெள்ளைத் தொப்பி. அவர் எந்த விலங்கையும் வென்றதாகச் சொல்லவில்லை, துறவி என்றும் சொல்லவில்லை, குளிர் நிச்சயமாக இல்லை. ஆனால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் தெரிந்தால் போதும், முகம் தெரிய வேண்டியதில்லை. 1987-இல் அவரை அடக்கம் செய்தபோதும் அவை இரண்டும் கூடவே போயின. இன்றும் கட்சி ஊர்வலத்தில் அவர் வேஷம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது அந்தத் தொப்பியைத்தான். இப்போது எல்லாம் பாலியஸ்டர்.

சட்டம் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலி, சிறுத்தை, கலைமான் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம். சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்தான். உச்சப் பாதுகாப்பில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. பழைய ஜமீன் வீடுகளில் தாத்தா சுட்ட புலி என்று சுவரில் தொங்கும். அப்படி வைத்திருந்தவர்கள் கணக்குக் காட்டிக்கொள்ள 2003-இல் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. தியானத்துக்கு நல்லது என்று யாராவது மான்தோலை ரகசியமாகக் காட்டினால் தியானத்தைப் பாயிலேயே செய்துகொள்ளலாம். நமக்குப் பக்கத்தில் திருவில்லிபுத்தூர் மேகமலையே 2021-இல் புலிகள் காப்பகமாகிவிட்டது. உரியவர் அங்கே உயிரோடு உலாவுகிறார்.

சந்தையில் பிடிபடும் புலித்தோல்களில் பல, மாட்டுத் தோலிலோ நாய்த் தோலிலோ சாயம் பூசியவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. உண்மையான புலிக்குக் கோடு முடியில் மட்டும் இல்லை, அடியில் தோலிலும் இருக்கிறது. முடியைச் சீவினாலும் கோடு தெரியும். புலியின் முகவரி மட்டும் சுண்ணாம்புக்கும் அழியாது போல.

சட்டத்தை விடச் சொல் வேகமாக வேலை செய்த கதையும் ஒன்று உண்டு. திபெத்தியர்கள் தங்கள் நீண்ட அங்கியின் ஓரத்தில் புலி, சிறுத்தை, நீர்நாய்த் தோல்களை வைத்துத் தைப்பது பெருமையாக இருந்தது. 2006 ஜனவரியில் ஆந்திராவின் அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில் தலாய் லாமா, இதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்றார். அடுத்த சில வாரங்களில் திபெத்தில் ஜனங்கள் விலையுயர்ந்த அங்கிகளை வெளியே கொண்டுவந்து குவித்துக் கொளுத்தினார்கள். 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தென்னாப்பிரிக்க டர்பன் பக்கத்தில், ஷெம்பே என்ற கிறிஸ்தவச் சபையினர் வழிபாட்டு நடனத்துக்குச் சிறுத்தைத் தோல் போடுவது வழக்கம். அங்கே அச்சடித்த போலித் தோலைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். புள்ளி தெரிந்தால் போதும் என்று பலர் ஒத்துக்கொண்டார்கள்.

நம் ஊர் புலிவேஷக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். மஞ்சள் பெயின்டைப் பூசி, காயவிட்டு, மேலே கறுப்புக் கோடு. தன் தோலையே புலித்தோலாக்கிக்கொள்கிறவனுக்கு எந்தக் காட்டு அதிகாரியும் வழக்குப் போட முடியாது.

கடையில் உட்கார்ந்திருந்தபோது மேலே கம்பியில் சில பைகள் தொங்கின. அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் தோளில் மாட்டும் ஆட்டுத்தோல் பை. தோப்பறை என்பார்கள். முடி எல்லாம் போய்ப் பழுப்பு நிறத்தில் இருந்தது, ஆனாலும் ஊதிப் பிடித்தால் ஆட்டின் வயிறு தெரிந்தது. இடையில் மோட்டார் பம்பு வைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அது கூடாது, மரபான தோல் பைதான் வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ஒருபக்கம் புலித்தோல் கூடாது என்று சட்டம், இன்னொருபக்கம் ஆட்டுத்தோல்தான் வேண்டும் என்று உத்தரவு. இரண்டும் நியாயம்தான்.

கோடு போட்ட வெல்வெட்டையே வாங்கினேன். அரை மீட்டர் போதும் என்றார், பின்னால் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். போட்டியன்று ஏப்ரல் வெயில். மேடையில் ஏறுவதற்குள் பையனுக்கு இடுப்பெல்லாம் அரிப்பு. நடுவராக இருந்த டீச்சர் மைக்கைக் கொடுத்து, "சிவபெருமான் ஏன் புலித்தோல் கட்டியிருக்கார்?" என்று கேட்டார்கள். தாருகாவனத்தை எல்லாம் இரண்டு நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் ஒரு கையால் சொறிந்துகொண்டே சொன்னான்: "கைலாசத்துல குளிரும் மிஸ்."